ஐஜிடி கூடவில்லை என்றால் வருத்தம் இல்லையா?

"காய்ச்சல் மாதாமாதம் வருது. ஐஜிடி கூடவில்லை எண்டு றிப்போட்டில இருக்கு. அப்ப ஹைப்பர் ஐஜிடி வருத்தம் இல்லைத்தானே?" என்று ஒரு தாய் கேட்டா.

அப்படிச் சொல்ல ஏலாது. 1984இல் நெதர்லாந்து வைத்தியர்கள் இந்த வருத்தத்தை விபரித்தபோது, இரத்தத்தில் ஐஜிடி என்ற பிறபொருளெதிரி கூடியிருந்ததைப் பார்த்தே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் ஆட்களைக் குழப்புது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் ஐஜிடி சாதாரணமாகவே இருக்கலாம். வேறு வருத்தங்களிலும் அது கூடும். அளவு கூடினால் வருத்தமும் கடுமை என்றில்லை.

காரணம் எம்விகே என்ற மரபணுவில் இருப்பது 1999இல் தெரியவந்தது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் பிள்ளைக்கு வருத்தம். ஆகவே மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கோ. சொந்தத்துக்குள் கலியாணம் என்றால் டொக்டரிடம் சொல்லுங்கோ, வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சல் நேரத்துச் சிறுநீரையும் சோதிக்கலாம்.

ஒரு கொப்பியில், தமிழிலேயே, எழுதி வையுங்கோ: காய்ச்சல் தொடங்கிய திகதி, எத்தனை நாள், கழுத்தில் நெறிக்கட்டு, வயிற்றுவலி, வாய்ப்புண், தடுப்பூசி போட்ட பிறகு வந்ததா. தடுப்பூசியை நீங்களாக நிற்பாட்டாதேங்கோ.

இங்கிலாந்தில் மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. நேரம் எடுக்கும்போதே கேளுங்கோ, மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க விடாதேங்கோ. உங்களை வேறு ஊருக்கு மாற்றினால் கொப்பியும் றிப்போட்டின் பிரதியும் கைப்பையில் இருக்கட்டும்.