உண்மையாயினும் சொல்லத் தகாதன



"உள்ளதைத்தானே சொன்னேன், இதில் என்ன பிழை?" நடக்க இயலாத ஒருவரை 'நொண்டி' என்றழைத்தவரைக் கடிந்தால் பெரும்பாலும் இவ்விடையே வரும். இல்லறத்தார்க்குரிய பொய்யாமை விரதம் இதற்கு இடந்தருவதில்லை. புருஷார்த்த சித்தியுபாயத்தில் பொய்யை நான்காக வகுத்த அமிர்தசந்திர ஆசாரியர், கேட்பவர்க்குத் துயர் விளைக்கும் சொல்லையும் அதனுள் அடக்கினார். ஆதலின், நோகச் செய்யும் உண்மையும் விரதத்திற்கு இழுக்கே.

தமிழிலக்கணமும் இதற்கு வழி வகுத்துள்ளது. பவணந்தி முனிவர் நன்னூலில் தகுதி வழக்கினுள் மங்கலத்தையும் வைத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், காராட்டை வெள்ளாடு என்பதும் உரைகாரர் காட்டும் சான்றுகள். 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்பதை நீக்கி 'மாற்றுத்திறனாளிகள்' என வழங்கத் தொடங்கியதும் அம்மரபின் நீட்சியே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, பொதுவிடத்தில் அவர்களை இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்போர்க்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது.

எனினும், வெள்ளாடு என்றழைப்பதால் ஆட்டின் நிறம் மாறிவிடுவதில்லை. புதிய சொல்லையும் பழைய ஏளனத்தோடு சொன்னால் அதுவும் வசையாகும். மேடையில் நயம்படப் பேசுவோர் வீடு திரும்பியதும் 'செவிட்டுப் பெரியப்பா', 'குருட்டுப் பாட்டி' என உறவினரைச் சுட்டுதல் இன்றும் உண்டு. அவர்களுக்குப் பெற்றோர் இட்ட பெயர் இன்னதென்பதே பேரப்பிள்ளைகள் அறியாமற் போகின்றனர். வகுப்பறையில் 'நொண்டிச் சாக்கு' என்று அதட்டும் ஆசிரியர்களும் இக்குற்றத்திற்கு விலக்கானவர் அல்லர். 'பார்வையற்றவர்', 'காது கேளாதவர்' எனத் தேவையான இடத்தில் நேரே சொல்லுதல் இழிவன்று. மற்ற இடங்களில் பெயரே போதும்.

இவை அனைத்தினும் கொடியது ஒன்றுண்டு. ஒரு குழந்தையின் குறையைக் கண்டு, அதன் தாய் கேட்க, 'முன்வினைப் பயன்' என்று பெருமூச்செறிவது. வினைக்கோட்பாடு ஒருவர் தம்மைத் தாம் ஆராய்தற்கு உரியது. பிறர் முகத்தெதிரே படிக்கும் தீர்ப்பன்று. சமயம் கற்றவர் வாயிலிருந்து வருவதால் அச்சொல் அத்தாய்க்கு இருமடங்கு சுடுகிறது. சிலர் அதன்பின் ஆலயத்திற்கே வருவதில்லை.

விழா நாளின் அன்னதானப் பந்தியில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரை விடுத்து, உடன் வந்தவரிடம் "இவருக்குப் பாயசம் வைக்கலாமா?" என்று கேட்கின்றனர். பாயசம் உண்பவர் அவர், "ஐயா, பாயசம் வைக்கட்டுமா?" என அவரையே கேட்கலாம். காது கேளாதவராயின், அவர் முகம் நோக்கிக் கிண்ணத்தைக் காட்டினாலும் போதும்.