முகாம்ல பிறந்த பிள்ளைக்கு எந்த நாடு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

மணவாளக்குறிச்சியிலிருந்து பேசுறேன். சென்னை, பெங்களூர்ல இருந்து கேக்கிறவங்களுக்காக ஊரைச் சொல்லிடுறேன். கன்னியாகுமரி மாவட்டத்துல, குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவுல, மண்டைக்காட்டுக்குப் பக்கத்துல இருக்கு. கடற்கரை மணல்லேருந்து தாது பிரிக்கிற ஐ.ஆர்.இ.எல். ஆலை இருக்கிற ஊர்னு சொன்னா சிலருக்குத் தெரியும்.

காஸா, உக்ரைன் பத்தி ஒரு எபிசோட் போடுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. போர்ல வீடு இழந்த குடும்பங்கள், குழந்தைங்க, அவங்களுக்கு என்ன உதவி போய்ச் சேருது, இதெல்லாம் பேச வேண்டிய விஷயம்தான். அதுக்கு முன்னாடி எங்க மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற நாலு இடத்தைப் பத்திப் பேசணும். கன்னியாகுமரிப் பக்கம் பெருமாள்புரம். நாகர்கோவில் பக்கம் பழவிளை. மேற்கே மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் ஞாறான்விளை, கோழிவிளை. நாலும் இலங்கைத் தமிழர் முகாம்கள்.

எங்க மாவட்டத்துல தடுக்கி விழுந்தா ஒரு 'விளை'தான். இதைவிட உள்ளூரான ஒரு முகவரி இருக்க முடியாது. அந்த முகவரியில பிறந்து, பக்கத்துல இருக்கிற அரசுப் பள்ளியில படிச்சு, எங்களை மாதிரியே தமிழ் பேசுற பிள்ளைங்க அங்க இருக்காங்க. 'நாட்டுரிமை'ன்னு ஒரு கட்டம் வந்தா மட்டும் பேனா நின்னுடும்.

கதையைச் சுருக்கமாச் சொல்றேன். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகுகள் வர ஆரம்பிச்சது. 2010 வரைக்கும் நாலு கட்டமா மூணு லட்சத்துக்கும் மேல வந்தாங்க. பாதிக்கு மேல திரும்பிப் போயிட்டாங்க, இல்ல வேற நாடுகளுக்குப் போனாங்க. 2021-இல் அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் 34,087 பேர்.

உதவி இல்லையான்னா, இருக்கு. அதைக் குறைச்சுச் சொல்லக் கூடாது. 2021 ஆகஸ்ட்ல தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டம் அறிவிச்சது. சிதிலமான 7,469 வீடுகளைப் புதுசாக் கட்டுறது, மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவங்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 ரூபாயா உயர்த்துறது எல்லாம் அதில் வந்தது. பொறியியல் படிக்கிற பிள்ளைகள்ல முதல் 50 பேரோட கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏத்துக்கும்னு சொன்னாங்க. 'அகதிகள் முகாம்'ங்கிற பேர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு மாறினதும் அப்பதான். பேர் மாறினா என்ன வந்துதுன்னு கேக்கலாம். பள்ளிக்கூடத்துல 'அகதி'ன்னு கூப்பிடப்பட்ட பிள்ளைகிட்ட கேட்டுப் பாருங்க.

எங்க கடற்கரைக்காரங்களுக்கு இது புரிய ஒரு வழி இருக்கு. 2004 சுனாமி. குளச்சல், கொட்டில்பாடு பக்கமெல்லாம் வீடு போனவங்க தற்காலிக ஷெட்டுல இருந்தாங்க. வெயில்ல உள்ள இருக்க முடியாது, மழையில தூங்க முடியாது. நிரந்தர வீடு எப்ப, எப்பன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கேக்க வேண்டியதுதான். ஏன்னா தற்காலிகம்னா அதுக்கு ஒரு முடிவு தேதி இருக்கணும். முகாம்ல பத்துக்குப் பத்து அறையில 'தற்காலிகமா' இருக்கச் சொன்ன பல குடும்பங்களுக்கு முப்பது வருஷம் தாண்டிடுச்சு. அங்க பிறந்த பிள்ளைக்குக் கல்யாணம் ஆகி, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்தாச்சு. அவங்க எல்லாருக்கும் மாசா மாசம் பதிவெடுப்பு உண்டு. வருவாய்த் துறைக்காரங்க வர்ற நாள்ல குடும்பம் முகாம்ல இருக்கணும். இல்லேன்னா உதவித்தொகைக்குச் சிக்கல். பெயின்டிங் வேலைக்கு வெளியூர் போன அப்பா அந்த நாளைக்குத் திரும்பி வந்தாகணும். முகாம்ல ஆம்பளைங்க பெரும்பாலும் பெயின்டிங், கூலி வேலைதான். டிகிரி முடிச்ச பையனும் அங்கதான் வந்து நிக்கிறான்.

ஏன் அப்படி? இங்கதான் சட்டம் வருது. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன்னாடி பிறந்தவங்க, பெற்றோர் யாரா இருந்தாலும், பிறப்பாலே இந்தியக் குடிமக்கள். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்திருந்தா, அப்பா அம்மாவில் ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும். 2004 டிசம்பர்லேருந்து இன்னும் இறுக்கம்: மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யா இருக்கவும் கூடாது. உயிருக்குப் பயந்து ராத்திரியில வள்ளம் ஏறினவங்ககிட்ட விசா இருக்குமா? சட்டத்தோட கண்ணுக்கு அவங்க பேர் அதுதான்.

ஆக, 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளைக்குப் போய் 2022-ல பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினாங்க. 2024 மக்களவைத் தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. அதே முகாம்ல ரெண்டு வருஷம் கழிச்சுப் பிறந்த ஒரு தம்பி இருந்தா, அவனுக்கு அந்த வழி கிடையாது. 2019-ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோட நின்னுடுச்சு. இலங்கை அதுல இல்லை. 2025 செப்டம்பர்ல ஒரு ஆறுதல் வந்தது. 2015 ஜனவரி 9-க்குள்ள வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லைங்கிறதுக்காகத் தண்டனை கிடையாதுன்னு உள்துறை அமைச்சகம் விலக்கு கொடுத்தது. ஜெயில் பயம் போச்சு. குடியுரிமை வரலை.

அப்போ இலங்கைக் குடியுரிமையாவது இருக்கான்னா, அதுவும் தானா வராது. வெளிநாட்டுல பிறந்த பிள்ளையை சென்னையில இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகம் வழியாப் பதிவு செய்யணும். பதியாம விட்டா ரெண்டு பக்கமும் இல்லை. இந்தக் காகித வேலையில குடும்பங்களுக்குத் துணையா நிக்கிறது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். 1984-ல செல்வநாயகத்தோட மகன் சந்திரகாசன் தொடங்கினது. முகாம் ஆட்களே முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துறதெல்லாம் அவங்க ஊக்கத்துல வளர்ந்ததுதான். குழந்தைகளுக்கான உதவின்னா அரிசி, துணி, நோட்டுப்புத்தகம்னு நினைக்கிறோம். என் கணக்குல ஒரு பிறப்புப் பதிவும் அதே அளவு உதவி.

காகிதம் இல்லாதவங்க என்ன செய்வாங்கன்னும் பார்க்கணும். 2021 அக்டோபர்ல கனடா நோக்கிப் போன ஒரு படகு நடுக்கடல்ல பழுதாகி, 89 இலங்கைத் தமிழர்கள் டீகோ கார்சியா தீவுல கரை சேர்ந்தாங்க. குழந்தைகளும் அதுல இருந்தாங்க. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவங்களுக்கு அந்தத் தீவு புதுப் பேர் இல்லை, எல்லை தாண்டினதாப் பிடிபட்டவங்க உண்டு. ராணுவத் தளம் இருக்கிற அந்தத் தீவுல வேலிக்குள்ள கூடாரத்துல மூணு வருஷம். பெரும்பாலானவங்களை பிரிட்டனுக்குக் கொண்டுபோனது 2024 டிசம்பர்ல. அப்படி அடைச்சு வெச்சது சட்டவிரோதம்னு அதே மாசம் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பேராசைன்னு சொல்றவங்க இருக்காங்க. பிள்ளையோட ஏறுறவங்களுக்குக் கடல் எப்படிப்பட்டதுன்னு தெரியாதா என்ன?

எல்லாருக்கும் குடியுரிமை கொடுங்கன்னு ஒரு பக்கம், போர்தான் முடிஞ்சுதே, போகட்டும்னு இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் முகாம்ல இருக்கிறவங்களைக் கேட்டுப் பேசுறதில்லை. ஒரே வீட்டுல தாத்தாவுக்கு மன்னார்ல இருக்கிற காணி வேணும், பேத்திக்கு நாகர்கோவில்ல வேலை வேணும். தாத்தா மாதிரி திரும்புறவங்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையத்தோட சென்னை அலுவலகம் விமானச் செலவு தந்திருக்கு. பேத்திக்குத்தான் எந்த அலுவலகமும் இல்லை. முகாம்ல இருக்கிறவங்கள்ல கணிசமான பேர் மலையகத் தமிழர்கள்ங்கிறதையும் சேர்த்துக்கோங்க. அவங்க முன்னோர் இங்கேயிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவங்க. அவங்களைத் 'திரும்பிப் போ'ன்னா எங்க போறது?

சட்டத்தை மாத்துறது டெல்லி வேலை. நம்ம கையில இருக்கிறது சின்னது. ஹெச்.ஆர்.ல இருக்கிறவங்க நிறைய பேர் இதைக் கேக்கிறீங்க. ஒரு பயோடேட்டால 'மறுவாழ்வு முகாம்'னு முகவரி இருந்தா ஓரமா வைக்காதீங்க. முகாம்ல இருக்கிறவங்களுக்கு ஆதார் உண்டு, படிச்ச டிகிரி உண்டு. பாஸ்போர்ட் கட்டாயம்னு போட்டிருக்கிற வேலைக்கு நிஜமாவே பாஸ்போர்ட் தேவையான்னு ஒரு தடவை பாருங்க. கூப்பிட்டு இன்டர்வியூ வைங்க. பதிவெடுப்பு நாளுக்கு லீவு கேட்டா, எதுக்குன்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.

அடுத்த எபிசோட்ல காஸாவுக்கு வருவோம்.