ஆறாத காப்பி



வெப்பம் பரவும் வழிகள் மூன்று என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதி வந்தவன் நான். ஆயினும் அந்தப் பாடத்தை என் வீட்டு அடுக்களைக்குக் கொண்டு செல்லத் தவறினேன். அந்தத் தவற்றை இன்று உங்கள்முன் ஒப்புக்கொள்கிறேன்.

என் துணைவியார் விடியுமுன் எழுந்து டிகாக்ஷன் இறக்கி, பாலும் சர்க்கரையும் கலந்து வைப்பார். நானோ விடைத்தாள்களில் ஆழ்ந்து, "இதோ வருகிறேன்" என்பேன். காப்பி ஆறிவிடும். மீண்டும் சுட வைப்பார். மறுமுறை கொதித்த காப்பியில் மணம் போய்க் கசப்பே எஞ்சும். அதற்கும் நான் குறை கூறுவேன்! ஒருநாள் அவர், "நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் பௌதிகத்தில் இதற்கு ஒரு வழி இல்லையா?" என்று கேட்டார். அன்று நான் மாணவனானேன்.

சூடான பொருளுக்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு மிகுந்திருக்கும்போது அது விரைந்து ஆறும். 1701-ஆம் ஆண்டில் நியூட்டன் வெளியிட்ட உண்மை இது. ஆகவே கலந்த மறுகணமே காப்பியைக் காக்கவேண்டும். திறந்த பாத்திரத்தில் எழும் ஆவி பெருமளவு வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். ஒரு மூடி அதைத் தடுக்கும். குளிர்ந்த பாத்திரமும் வெப்பத்தை உறிஞ்சும். முதலில் வெந்நீரால் அதனை அலம்பிச் சூடேற்றுதல் நன்று.

மூன்று வழிகளையும் ஒருங்கே அடைப்பது பிளாஸ்க். 1892-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டூவார் என்னும் அறிஞர், கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களைப் பாதுகாப்பதற்கு இதனை அமைத்தார். இரட்டைச் சுவர்களுக்கு நடுவே வெற்றிடம். ஆதலால் அங்கே கடத்தலும் இல்லை, சலனமும் இல்லை. சுவரின் வெள்ளிப் பூச்சு கதிர்வீசலைத் திருப்பி அனுப்புகிறது. குளிரைக் காக்கப் பிறந்த கலம் சூட்டையும் காக்கிறது! ஆனால் அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருப்பதைக் காக்கிறது, அவ்வளவே. ஆதலால் நன்கு சூடான காப்பியை நிறைய ஊற்றி உடனே மூடவேண்டும். பால் கலந்த காப்பியை நெடுநேரம் வைத்தால் கெட்டுப்போகும், அதையும் மறவாதீர்கள்.

பிளாஸ்க் இல்லாத வீட்டில் டிகாக்ஷன் பாத்திரத்தை மூடி வெந்நீரில் வைக்கலாம். அருந்தும் வேளையில் பாலை மட்டும் காய்ச்சிக் கலந்தால், டிகாக்ஷன் கொதிக்காது, மணமும் குன்றாது.

இவற்றையெல்லாம் செய்த பின்னர் துணைவியார் இரண்டாம் முறை அடுப்படிக்குச் செல்லவேண்டிய தேவை நீங்கிற்று. ஆயினும் ஓர் உண்மை பின்னர்தான் எனக்குப் புலப்பட்டது: அழைத்தவுடன் நான் எழுந்து சென்றிருந்தால் பிளாஸ்க்கே வேண்டியிருந்திராது!

நாளைக் காலை அன்னையார் அழைக்கும்போது, புத்தகத்தை ஒரு நிமிடம் மூடிவிட்டு எழுந்து செல்லுங்கள். பௌதிகம் உங்களுக்காகக் காத்திருக்கும், காப்பி காத்திராது.