சுண்டெலிக்குக் கற்பு உண்டா?



இன்று ஒரு சுண்டெலியின் சங்கதியைச் சொல்ல வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். இது பெண்களின் சுதந்திரத்தைத் தொடுகிற சங்கதி.

1959-ல் லண்டனில் ஹில்டா புரூஸ் என்கின்ற அம்மையார் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். ஓர் ஆணோடு சேர்ந்த பெண் சுண்டெலியை, மறுநாள் வேறோர் ஆணின் அருகில் வைத்தார். பலவற்றிற்குக் கரு நிலைக்கவில்லை. சேர்க்கையே நடவாததுபோல் 3, 4 நாட்களில் மறுபடியும் பருவத்திற்கு வந்துவிட்டன. சேர்ந்த ஆணோடேயே இருந்தவற்றிற்கு இப்படி நேரவில்லை.

இது தெய்வச் செயலா? தலைவிதியா? இரண்டுமில்லை, வெறும் வாடை! மோப்பத்திற்குரிய மூளைப் பகுதியை எடுத்துவிட்ட சுண்டெலிகளுக்குக் கரு கெடவில்லை என்று 1960-ல் காட்டினார்கள். அந்நிய ஆணின் மூத்திர வாடையே போதும் என்பதும் பின்னால் தெரிந்தது. அவ்வாடை பட்டதும் மூளையின் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின் குறைகிறது. அதனால் கருவைத் தாங்கும் புரோஜெஸ்ட்ரோனும் குறைகிறது. கரு கருப்பையில் ஒட்டாமற் போகிறது.

இதைக் கேட்டவுடன் சில வைதீகர்கள், "பார்த்தீர்களா! எலிக்கே பரபுருஷன் வாடை ஆகாது, பெண்களை வீட்டிற்குள் வையுங்கள்" என்று புறப்படுவார்கள். அவர்களை நான் கேட்கிறேன்: அந்தப் பெண் சுண்டெலி அப்புறம் என்ன செய்கிறது? பருவம் வந்ததும் அந்தப் புது ஆணோடேயே சேர்ந்து குட்டி போடுகிறதே! இதில் கற்பு எங்கே இருக்கிறது?

அன்றியும், எலி வேறு, மனுஷி வேறு. சுண்டெலிக்கு ஆரம்ப நாட்களில் கருவைக் காப்பது தாயின் புரோலாக்டின். மனுஷிக்கோ, கருவானது கருப்பையில் பதிந்ததும் தானே ஒரு ரசத்தைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. சுண்டெலியின் மூக்கில் இவ்வாடையை அறியும் தனி உறுப்பு ஒன்று உண்டு. வளர்ந்த மனிதரிடம் அது வேலை செய்வதாக ருசுவில்லை.

மனிதரில் ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் கருவிலேயே உள்ள கோளாறு. அப்படியிருக்க, கரு கலைந்து படுத்திருக்கும் பெண்ணைப் பார்த்து, "எவன் கண் பட்டதோ, எங்கே போய் வந்தாளோ" என்று பேசுவது எவ்வளவு கொடுமை!

ஆகவே தோழர்களே! இனி யாராவது அப்படிப் பேசினால், "எந்தச் சோதனையில் கண்டாய்?" என்று அவ்விடத்திலேயே கேளுங்கள். அப்பெண்ணை வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். இதைச் சொல்லிவிட்டு என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.