சரத்காலம் இல்லாத தீவில் சரத்கால உற்சவங்கள்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



2023-ஆம் ஆண்டில் யாம் சிங்கப்பூருக்குச் சென்று, அங்குள்ள உறவினர் இல்லத்தில் ஆறு வாரங்கள் தங்கியிருந்த செய்தியை நம் காரியதரிசியவர்கள் எவ்வாறோ அறிந்துகொண்டு, "கண்டவற்றைச் சபையில் கூறவேண்டும்" என்று பலமுறை வற்புறுத்தினார்கள். பிரயாணக் கதை கேட்டுப் பொழுது போக்குவதற்காகச் சங்கம் கூடுவதில்லை என்று யாம் தட்டிக்கொண்டே வந்தோம். இப்போது இசைந்ததற்குக் காரணம் வேறு. நம்மூர்க் கோயிலில் நவராத்திரி ஐந்தாம் நாள் மண்டகப்படி நின்று கிடப்பதை இச்சபையில் அறியாதார் இல்லை. அத்தீவில் யாம் கண்டவை அவ்விஷயத்தைப் பற்றி எம்மை மீண்டும் சிந்திக்கச் செய்தன. அதனை இறுதியில் விண்ணப்பித்துக்கொள்வோம். அதுவரையில் பொறுமையுடன் கேட்டருள்க.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒரு பாகைத் தொலைவில் உள்ள தீவு. அங்கே இளவேனில் இல்லை, முன்பனி இல்லை, இலையுதிர் காலம் என்பதும் இல்லை. மரங்கள் ஆண்டு முழுதும் ஒரே பசுமையாய் நிற்கும். புரட்டாசி ஐப்பசித் திங்கள்களில் பிற்பகல்தோறும் இடியுடன் ஒரு மழை பொழிந்து ஓய்கிறதேயன்றி, நம் நாட்டு அடைமழையின் இயல்பு அதற்கு இல்லை. ஆயினும் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரையில் அத்தீவில் விழா இல்லாத வாரத்தைக் காண்டல் அரிது. மண்ணில் இல்லாத பருவம் மக்களிடத்தில் மட்டும் இருப்பது எங்ஙனம்? தென் சீனத்துத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறியவர் தம் எட்டாம் மாதத்துப் பௌர்ணமியை மூட்டை முடிச்சுக்களோடு கொண்டு வந்தனர். நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் சென்ற நம்மவர் ஐப்பசியைக் கொண்டு வந்தனர். பஞ்சாங்கத்திற்குச் சுங்கம் விதிப்பார் இல்லையன்றோ!

சீனரது நடுக்கூதிர்த் திருவிழா அவ்வாண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் வந்தது. தாமரை விதையை அரைத்த பாகும் உப்பிட்ட முட்டைக் கருவும் உள்ளே வைத்துச் சுட்ட வட்டப் பணியாரங்களை ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொள்வதும், அந்தியில் சிறுவர் காகித விளக்குகளை ஏந்தித் திரிவதும் அவ்விழாவின் சிறப்பு. சைனா டவுன் என்னும் சீனர் பகுதியில் வீதிகளின் குறுக்கே விளக்குச் சரங்கள் தொங்க, அவற்றினிடையே நிமிர்ந்து பார்த்தால் நம் மாரியம்மன் கோயிலின் இராஜகோபுரம் தெரிகிறது. அதனைக் கண்டபோது எம் உள்ளத்தில் எழுந்த வியப்பைச் சொல்லில் அடக்குதல் எளிதன்று.

நிற்க. அக்டோபர் 15-ஆம் நாள் நவராத்திரி தொடங்கிற்று. அதே நாளில் சீனரது ஒன்பதாம் மாதமும் பிறந்தது. அம்மாதத்தின் முதல் ஒன்பது நாள்களும் ஒன்பது சக்கரவர்த்தித் தெய்வங்களின் விழா. அடியார்கள் வெண்ணிற ஆடை அணிந்து, புலால் உணவை அறவே நீக்கி நோன்பு காக்கின்றனர். கோயில் முற்றத்தில் நெடிய மூங்கிற் கம்பம் நாட்டி அதன்மேல் ஒன்பது விளக்குகளை ஏற்றுகின்றனர். தெய்வங்களை நீர்க்கரையில் எதிர்கொண்டு அழைத்து வந்து, ஒன்பதாம் நாள் இரவில் மீண்டும் நீர்க்கரைக்கே கொண்டு சென்று வழியனுப்புகின்றனர். பல்லக்குகளைச் சுமப்போர் அவற்றை ஊஞ்சல்போல் ஆட்டியாட்டிச் செல்வது, நம்மூரில் சீர்பாதம் தாங்குவோர் சுவாமியைத் தாலாட்டிச் செல்வதை ஒத்திருந்தது. இத்தெய்வங்கட்குத் தாயாகப் போற்றப்படும் தோவ் மூ என்னும் தேவியும் பல கரங்களை உடையவள். அவளுக்கு 1921-இல் எழுந்த கோயில் அப்பர் சிராங்கூன் சாலையில் உள்ளது. 2005-இல் அது தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்டது.

இரு சாராரும் இவ்விழாக்களுக்குச் சந்திரனைப் பின்பற்றியே நாள் கணிப்பவர். அமாவாசையை அடுத்தே இரு விழாக்களும் தொடங்குவதால் பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. சூரியனது கதியோடு பொருந்துவதற்காக இடையிடையே சேர்க்கப்படும் அதிக மாதம் இருவர்க்கும் ஒரே காலத்தில் அமையாவிடில் பிரிந்து விடுகின்றன. 2025-இல் சீனர் ஆறாம் மாதத்தை இரட்டிக்க, அவர்தம் ஒன்பது நாள் விழா நம் தீபாவளிக்கு மறுநாளே தொடங்கிற்று. இவ்வொற்றுமையைக் கண்ட மாத்திரத்தில், அங்கிருந்து இங்கு வந்ததென்றும் இங்கிருந்து அங்குச் சென்றதென்றும் வாதிடப் புகுவார் உளர். யாம் அத்துணைத் துணிவுடையேம் அல்லேம். ஒரே இரவில், ஒரே நெடுஞ்சாலையின் ஒரு கோடியில் அவர்களும் மறுகோடியில் நம்மவரும் நோன்பிருந்ததைக் கண்டோம்; அவ்வளவே கூறுவோம்.

இனி மாரியம்மன் கோயிலைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். 1819-இல் ராபிள்ஸ் துரையோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை என்பார், செங்கற் சூளை வைத்தும் துணி வாணிகம் செய்தும் அங்கே நிலைபெற்றவர். அவர் முயற்சியால் 1827-இல் மரமும் கீற்றும் கொண்டு எழுந்த சிறு கோயிலே பின்னர்க் கற்கட்டிடமாயிற்று. அக்கோபுரத்தைக் கண்டே அயல் வீதிக்குப் பகோடா வீதி எனப் பெயரிட்டனர். சில அடி தொலைவில், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களாகிய சூலியா மரபினர் 1826-இல் நிறுவிய பள்ளிவாசல் இருக்கின்றது. கடல் கடந்து சென்று இறங்கிய ஓரிரு தலைமுறைக்குள், வயிறு நிரம்புவதற்கு முன்னமே, நம் முன்னோர் தொழுமிடம் கட்டினர் என்பதை எண்ணுக.

அக்கோயிலில் தீமிதி 1840 முதல் நடைபெற்று வருகின்றது. திரௌபதியம்மனுக்கு உரியது அவ்வுற்சவம். ஆடித் திங்களில் கொடியேற்றித் தொடங்கி, பாரதம் படித்தல், திரௌபதி திருக்கல்யாணம், அரவான் களப்பலி என ஒன்றன்பின் ஒன்றாகப் பல வாரங்கள் நிகழ்ந்து, தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னர்த் தீமிதியில் முடிகிறது. பாரதக் கதையை முழுதும் நடத்திக் காட்டும் இம்முறை தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் நாம் அறிந்ததே. மாடமாளிகைகள் வானளாவி நிற்கும் நகரத்தில் அது பிசகாது நடப்பதே வியப்பு.

தீமிதி நாளன்று பக்தர்கள் சிராங்கூன் சாலையிலுள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலில் கூடுகின்றனர். மஞ்சளாடை உடுத்து, கையில் வேப்பிலை ஏந்தி, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தூரம் நடந்து மாரியம்மன் கோயிலை அடைகின்றனர். தலைமைப் பூசாரியார் கரகம் தாங்கி முதலில் தீக்குழியைக் கடக்கிறார். அவர்பின் சில ஆயிரம் ஆடவர் இரவு முழுவதும் கடக்கின்றனர். குழியின் முடிவில் பால் நிரப்பிய சிறு பள்ளம் உண்டு. பெண்டிர் தீயில் இறங்கும் வழக்கம் அங்கே இல்லை. அவர்கள் கும்பிடுதண்டம் முதலிய நேர்த்திக்கடன்களைச் செலுத்துகின்றனர்.

தீயில் நடந்தாரைக் காட்டினும் நடவாதாரையே யாம் மிகுதியும் கவனித்தோம். பிற்பகல் முதலே விறகுக் கட்டைகளை அடுக்கி எரித்து, கனல் சமமாகும்படி நெடுங்கோல்களால் பரப்பியவர் சிலர். அவர் முகம் வெந்து சிவந்திருந்தது. குழி கடந்து தள்ளாடி வருவோரைத் தோளில் தாங்கிக்கொண்டவர் சிலர். வழிநெடுகத் தண்ணீரும் மோரும் வழங்கினார், எச்சிற் குவளைகளைப் பெருக்கினார், சாலையோரத்துச் செருப்புகளை ஒழுங்கு செய்தார் எனப் பலர். கனல் பரப்பிய முதியவர் ஒருவரிடம், "ஐயா, தாங்கள் எந்த ஊர், எந்த வகுப்பினர்?" என்று, நம்மூர் வழக்கப்படி, கேட்டுவிட்டோம். அவர் நெற்றி வியர்வையை வழித்துக்கொண்டு, "அப்பா துறைமுகத்திலே மூட்டை தூக்கினார். நான் இங்கே முப்பது வருஷமாக விறகு அடுக்குகிறேன்" என்றார். எம் வினாவின் பிற்பகுதிக்கு அவர் விடையளிக்கவில்லை. அவருக்குக் காது கேட்கவில்லையென்று யாம் அப்போது எண்ணிக்கொண்டோம்.

இதனால் அத்தீவைத் தெய்வலோகமாகக் கருதிவிட வேண்டா. கப்பலில் பஞ்சாங்கம் போனது போலவே வருணப் பிரிவும் போயிற்று. ஆதிதிராவிட மக்களுக்கு ஆலயப் பிரவேசம் மறுக்கப்பட்ட காலம் அங்கும் இருந்தது. 1932-இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கம் அதனைக் கண்டித்ததோடு, தீமிதியையும் காவடியையுமே ஒழிக்க வேண்டுமென்று பிரசாரம் செய்தது. அச்சங்கத்தில் முன்னின்ற கோ. சாரங்கபாணியார்தாம் 1935-இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். 1952-இல் தமிழர் திருநாள் என்னும் பொது விழாவையும் ஏற்படுத்தினார். உற்சவங்களைக் குறை கூறியவரே மற்றோர் உற்சவம் வேண்டுமென்று கண்டது குறிப்பிடத்தக்கது. தீமிதி ஒழியவில்லை, ஆனால் கோயிற் கதவு திறந்தது. பெருந்தொற்று நேர்ந்த 2020, 2021 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் சாலையில் நடந்து வருவது நின்று, பூசாரிமாரும் தொண்டருமாகச் சிலரே குழியில் இறங்கினர். ஆயினும் கனல் மூட்டப்படாது விடப்படவில்லை.

தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். நம்முள் சிலர் அதனை எடுத்துக்காட்டித் தம் கட்சியை நிலைநாட்ட முயல்வர் என்பது எமக்குத் தெரியும். அது நகரத்தார் 1859-இல் கட்டிய கோயில். இன்றும் அவர்களது பரிபாலனத்திலேயே இருக்கின்றது. விஜயதசமியில் வெள்ளிக் குதிரை புறப்பாடு அங்கே பிரசித்தம். செலவும் பொறுப்பும் பெயரும் ஒரு சமூகத்தாருடையன. வாயிலோ எல்லோர்க்கும் திறந்திருக்கின்றது. நவராத்திரி இரவுகளில் யாம் அங்கே சென்றபோது, எம்முடன் வரிசையில் நின்றவருள் நகரத்தார் எத்துணைப் பேர் என்று எண்ணிப் பார்க்க எமக்குத் தோன்றவில்லை.

அம்மாதத்தில் கூசு என்னும் சிறு தீவுக்கும் படகேறிப் போனோம். அங்கே 1923-இல் கட்டிய சீனர் கோயில் கடலோரத்தில் உள்ளது. 152 படிகள் ஏறினால் குன்றின்மேல் மலாய்ப் புண்ணியவான்களின் மூன்று சமாதிகள் உள்ளன. ஒன்பதாம் மாதம் முழுதும் யாத்திரை வரும் சீனர் கீழே வணங்கிவிட்டு மேலேயும் ஏறிச் சென்று வணங்குவது நெடுநாளைய வழக்கம். 2022-இல் மூண்ட தீயில் அச்சமாதிகள் சேதமுற்றன என்று உடன் வந்தோர் வருந்திக் கூறினர். வருந்தியவரும் சீனரே.

இனி நம் காரியத்திற்கு வருவோம்.

ஐந்தாம் நாள் மண்டகப்படி நம் சமூகத்தாருடையது என்பதில் ஐயமில்லை. நம் பாட்டனார் காலத்துக் கணக்குப் புத்தகமே சாட்சி. அன்றிரவு அம்மனைத் தோளில் சுமந்தும் தீவட்டி பிடித்தும் வந்தவர் கீழைத் தெருவார். அவர்கள் கேட்டது யாது? செலவில் மூன்றிலொரு பங்கைத் தாமும் ஏற்பதாகவும், அழைப்பிதழில் தம் தெருவின் பெயரையும் அச்சிட வேண்டுமென்றும் கேட்டார்கள். நாம் மறுத்தோம். மறுத்தவருள் யாமும் ஒருவரே. அதனை மறைக்க விரும்பவில்லை. "கூலி கொடுத்து வேறு ஆள் வைத்துக்கொள்வோம்" என்று அக்கூட்டத்தில் உரத்துக் கூறியதும் எம் வாயே. வேறு ஆள் வரவில்லை. அவர்கள் தோள் கொடாது நின்றுவிட்டார்கள். நாம் வழக்குத் தொடுத்தோம். மூன்று ஆண்டுகளாக ஐந்தாம் நாள் இரவில் அம்மன் கோயில் வாயிலைத் தாண்டவில்லை. வழக்கிற்குச் செலவழித்த தொகை ஐந்து ஆண்டு மண்டகப்படிக்குப் போதுமென்று பொக்கிஷதாரர் கணக்குக் காட்டுகிறார்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது, கனல் பரப்பிய அம்முதியவரது நினைவு எம்மை விட்டு அகலவில்லை. அவர் காது நன்றாகவே கேட்டது என்பது விமானத்தில் அமர்ந்திருக்கையில்தான் எமக்குத் தோன்றிற்று. நம்மூர்க் கீழைத் தெருவிலும் அவர் போன்ற ஒருவர் உள்ளார். முன்தண்டில் வலப்புறம் தோள் கொடுத்தவர். அவர் தோளில் காய்ப்பேறியிருப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவர் பெயரை ஒரு முறையேனும் நம் அழைப்பிதழில் அச்சிட்டதில்லை.

வழக்கைத் திரும்பப் பெறுவதென்றும், இவ்வாண்டு அழைப்பிதழில் இரு சாரார் பெயரையும் அச்சிடுவதென்றும் ஒரு தீர்மானத்தை எழுதிக் காரியதரிசியவர்களிடம் கொடுத்துள்ளோம். வரும் பொதுக்கூட்டத்தில் அது வாக்கெடுப்புக்கு வரும். எதிர்ப்போர் தாராளமாக எதிர்க்கலாம். அவர்தம் நியாயங்கள் யாமே முன்னர்ப் பேசியவை ஆதலின், அவற்றை யாம் நன்கு அறிவோம். ஆதரிப்போர் கையொப்பமிடுவதற்குத் தாளின் கீழே இடம் விட்டிருக்கின்றது. முதற் கையொப்பம் எம்முடையது.