தௌச்சானில் ஒரு தேதி

பர்மாவிலிருந்து வந்த நம் குடும்பங்களில், இறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஆடி அமாவாசையிலோ மகாளய அமாவாசையிலோ ஒன்றாக எள்ளும் தண்ணீரும் இறைப்பது வழக்கம். 1942-இல் நடந்து வந்தபோது வழியில் விட்டுவந்தவர்கள், பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் என்று அந்தப் பட்டியல் பல வீடுகளில் நீளம். அதில் பட்டாளத்துக்குப் போனவர்களின் தேதியைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

2020 ஜனவரியில் ரங்கூன் போயிருந்தேன். தங்கியது தாகேதாவில், ஒரு தமிழ்க் குடும்பத்தோடு. 1959-இல் நகருக்குள் இருந்த குடிசைகளை அகற்றி, கால்வாய்க்கு அப்பால் குடியேற்றிய ஊர் தாகேதா. போர்க் கல்லறையைப் பார்க்கப் போகிறேன் என்றதும் வீட்டுக்கார அக்கா சிரித்துவிட்டார். "வெள்ளைக்காரன் கல்லறை அப்படியே இருக்கு தம்பி. நம்ம சனங்க கல்லறையைத்தான் எடுத்துட்டாங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். சாண்டோ, தாம்வே ஆகிய பழைய இடுகாடுகளை 1990-களில் அரசாங்கம் காலி செய்தது. உறவினர் இருந்தவர்கள் எலும்புகளை எடுத்துக்கொண்டு வடக்கே யேவேக்குப் போனார்கள். ஊரைவிட்டுப் போனவர்களின் கல்லறைகளைக் கேட்க ஆளில்லை.

நான் போன இடம் நகரின் வடகோடியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் டாக்யான் என்று எழுதுவார்கள். பர்மியர் வாயில் அது தௌச்சான். தாகேதாவிலிருந்து இரண்டு பேருந்து மாறி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1951-இல் தொடங்கிய இடுகாடு இது. அக்யாப், மாண்டலே, மெய்க்டிலா முதலிய ஊர்களில் பராமரிக்க முடியாமல் கிடந்த படைவீரர் கல்லறைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் மட்டும் 6,374. அவற்றில் 867-க்குப் பெயர் தெரியாது. வெட்டிய புல், வரிசை வரிசையாகத் தாழ்ந்த பீடங்கள், மேலே வெண்கலத் தகடு. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காதலர்களும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பூங்கா என்றே சொல்லலாம்.

நம்மவர்களைத் தேடுகிறவர்கள் அந்தத் தகடுகளோடு நின்றுவிடக் கூடாது. அடக்கம் செய்யப்பட்ட கிறிஸ்தவர்கள், இஸ்லாமியர்கள் அங்கே கிடைக்கலாம். இந்து வீரர்களைப் பெரும்பாலும் தகனம் செய்துவிட்டார்கள். அப்படித் தகனமான ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. நடுவில் நீண்ட கல்தூண் மண்டபம். அதன் பெயர் ரங்கூன் நினைவகம். கல்லறையே இல்லாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களை அதில் வெட்டியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் இந்திய வீரர்கள். எல்லா மனிதரின் சுதந்திரத்துக்காக இறந்தார்கள் என்ற பொருளில் ஒரு வாசகம் அங்கே ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி என்று ஐந்து எழுத்தில் இருக்கிறது. தமிழ் இல்லை. மதராஸ் சாப்பர்ஸ் படையும் மதராஸ் ரெஜிமெண்டும் அந்தப் போரில் பர்மாவில் இருந்தவைதான். எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. எங்கள் தெரு அம்மா ஒருவர் தன் பெரியப்பாவின் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் 1942-இல் பெண்டாட்டி பிள்ளைகளை ரங்கூனிலேயே விட்டுவிட்டு இந்தியாவுக்கு நடந்தவர். பிறகு சாப்பர்ஸில் சேர்ந்தார் என்று மட்டும் தெரியும். சேதி எதுவும் வராததால் பெரியம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை.

கல்லில் பெயர் மட்டும்தான், படைப்பிரிவு வாரியாக. தேதி பதிவேட்டில் இருக்கும். பதிவேடும் ஆங்கிலத்தில்தான். சாமி என்பது ஒரு வரியில் 'சுவாமி', இன்னொரு வரியில் 'சமி'. ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். நான்காவது வரியில் தகப்பன் பெயரும் ஊரும் ராமநாதபுரம் மாவட்டமும் பொருந்தின. இறந்தது 1945 மார்ச் கடைசி வாரம். ரங்கூனில் பெரியம்மா காத்திருந்த அதே நாட்டுக்குள், இந்தியப் படையோடு திரும்பி வந்து இறந்திருக்கிறார். எந்த இடத்தில் என்று பதிவேடு சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் அந்த அம்மா பழைய பஞ்சாங்கம் வைத்திருக்கும் ஐயரிடம் போனார். தாரண வருடம், பங்குனி மாதம் என்று தொடங்கி அவர் திதியையும் கண்டு சொன்னார். இப்போது அந்த வீட்டில் பங்குனியில் ஒரு திவசம் நடக்கிறது.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபிறகு பர்மாவுக்குப் போய்வருவது பழையபடி எளிதில்லை. ஆனால் பதிவேட்டைப் பார்க்கப் போக வேண்டியதில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். பெயரை நான்கைந்து விதமாக எழுதிப் பாருங்கள். பழைய பென்ஷன் காகிதம், தந்தி, தகரப்பெட்டி அடியில் கிடக்கும் எதிலாவது படை எண் இருந்தால் வேலை பாதி முடிந்தது. எண் இல்லாவிட்டால் தகப்பன் பெயரும் ஊரும் வேண்டும். எல்லா வரியிலும் அந்த விவரம் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடந்துவந்தவர்களின் கதை வேறு. கல்லறை வாசலுக்குச் சற்றுத் தள்ளி சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பெகு வழியாக மாண்டலேக்கு, மற்றது புரோமுக்கு. புரோம் சாலை வழியாகத்தான் 1941 டிசம்பர் குண்டுவீச்சுக்குப் பிறகு நம்மவர்கள் மூட்டையும் பிள்ளையுமாகப் போய், மலை தாண்டி அரக்கானில் இறங்கினார்கள். அந்த ஆண்டு பர்மாவைவிட்டு இந்தியாவுக்குக் கிளம்பியவர்கள் சுமார் ஐந்து லட்சம் என்பார்கள். காலராவிலும் பசியிலும் விழுந்த பல்லாயிரம் பேருக்குப் பெயர் வெட்டிய கல் கிடையாது, பதிவேடும் கிடையாது. அவர்களுக்கு அமாவாசைதான். ஆனால் எந்த ஊர்ப் பக்கம், எந்த மாதம், கூட யார் இருந்தார்கள் என்பது சில பெரியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்போது கைப்பிள்ளையாக வந்தவர்களுக்கே எண்பது வயது தாண்டிவிட்டது. இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.