ஒரே ஒரு பெடல்தான் வாங்க முடியும்: ஃபஸ்ஸா, டிஸ்டார்ஷனா?

இந்த வார எபிசோட் முழுக்க ஒரே ஒரு வாய்ஸ் நோட்டுக்கான பதில். அனுப்பின தம்பி செஞ்சிக்காரர். எனக்கும் அதே ஊர்தான், அதனால கொஞ்சம் கூடுதல் பாசம் இருக்கும். பொறுத்துக்கோங்க.

அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, நான் ஒரு மெல்லிசைக் குழுவுல கிட்டார் வாசிக்கிறேன். ஐயாயிரம் ரூபாய் சேர்த்து வச்சிருக்கேன். ஃபஸ், டிஸ்டார்ஷன் ரெண்டும் வர்ற மாதிரி ஒரே ஒரு பெடல் சொல்லுங்க. என்கிட்ட ஆம்ப் கிடையாது, லைன் நேரா மிக்ஸருக்குத்தான் போகுது. சோலோ வாசிச்சா யாருக்கும் கேக்கறதில்ல. ஆடி மாசத்துக்குள்ள இது சரியாகலன்னா, கிட்டாரை நிறுத்திட்டு இன்னொரு கீபோர்டு போட்டுக்கலாம்னு குழு நடத்துறவர் சொல்லிட்டார்."

ஆடி மாசம்னா எங்க ஊர்ப் பக்கம் என்னன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். செஞ்சின்னா நிறைய பேருக்கு ராஜகிரி கோட்டை, தேசிங்கு ராஜா, 2025 ஜூலையில கிடைச்ச யுனெஸ்கோ அங்கீகாரம், இவ்வளவுதான். எங்களுக்கு அம்மன் கோயில் திருவிழாவும் அதே அளவு முக்கியம். பக்கத்துல மேல்மலையனூர். சுத்தி எல்லா கிராமத்துலயும் கூழ் ஊத்துறது, அதோட ராத்திரி கச்சேரி. ஒரு மெல்லிசைக் கலைஞரோட வருஷ வருமானத்துல பெரிய பங்கு அந்தச் சில வாரங்கள்ல வந்துடும். அதனால தம்பிக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி கிடையாது. அந்த ஐயாயிரத்தைத் தப்பான பெட்டியில போட்டா, சீசனே போயிடும்.

முதல்ல, என்ன வித்தியாசம்?

மூணு பேர் அடிக்கடி குழம்பிப் போகும்: ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ். மூணும் செய்யுற அடிப்படை வேலை ஒண்ணுதான். கிட்டார்ல இருந்து வர்ற அலையைப் பெருசாக்கி, அதோட தலையையும் காலையும் வெட்டுறது. அதுக்குப் பேர் கிளிப்பிங். மெதுவா, ஓரம் வளைஞ்ச மாதிரி வெட்டினா ஓவர்டிரைவ். டயோடு வச்சு நறுக்குன்னு வெட்டினா டிஸ்டார்ஷன். டிரான்சிஸ்டரையே மூச்சுத் திணற வச்சு, அலையைக் கிட்டத்தட்ட சதுரமாக்கிட்டா ஃபஸ். வெட்டு எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு மேல் சுரங்கள், அதாவது ஹார்மோனிக்ஸ், கூடவே வரும்.

ஃபஸ் பிறந்ததே ஒரு ரிப்பேர்லதான். 1961-ல வெளிவந்த மார்ட்டி ராபின்ஸோட 'டோன்ட் வொரி' பாட்டை அமெரிக்காவுல நாஷ்வில்ல பதிவு பண்ணினப்போ, மிக்ஸிங் கன்சோல்ல ஒரு சேனல் பழுதாகி, பாஸ் கிட்டார் சோலோ கரகரன்னு வந்துச்சு. அதை நீக்காம அப்படியே விட்டுட்டாங்க. அந்தச் சத்தம் பிடிச்சுப் போய், ரெக்கார்டிங் இன்ஜினியர் கிளென் ஸ்னாடி அதே மாதிரி கரகரப்பு தர்ற சர்க்யூட்டை உருவாக்கினார். அது 1962-ல மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்ங்கிற பேர்ல கடைக்கு வந்துச்சு. அதை எப்படி வித்தாங்க தெரியுமா? இதை மிதிச்சா கிட்டார் டிரம்பெட், சாக்ஸஃபோன் மாதிரி ஒலிக்கும்னு. 1965-ல ரோலிங் ஸ்டோன்ஸோட 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டுல கீத் ரிச்சர்ட்ஸ் அதைப் பயன்படுத்தினதும், பின்னாடி ஹார்ன் குழு வாசிக்க வேண்டிய இடத்தைக் குறிச்சு வைக்கத்தான். ஆனா கிட்டாரே நின்னுடுச்சு. கடைகள்ல இருந்த ஃபஸ்-டோன் எல்லாம் வித்துத் தீர்ந்துச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, ஃபஸ்ஸுன்னா ஏதோ மெட்டல் பசங்க சமாச்சாரம்னு நம்ம குழுக்கள்ல ஒரு நினைப்பு இருக்கு. அது ஊதுற வாத்தியத்தோட வேலையைச் செய்ய வந்தது. நாதஸ்வரம் ஏன் மைக் இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேக்குது? ஹார்மோனிக்ஸ் நிறைய, மூச்சு இருக்கிற வரை சத்தம் இறங்காது. நல்ல ஃபஸ் கிட்டாருக்கு இந்த ரெண்டையும் கொடுக்கும்.

அப்போ தம்பி சோலோ ஏன் கேக்கல?

இதுதான் இந்த எபிசோடோட மையம். பெடலை யோசிக்கறதுக்கு முன்னாடி, ஒயர் எங்கே போய் முடியுதுன்னு பாருங்க.

கிட்டார் ஆம்ப்ல இருக்கிற 12 இன்ச் ஸ்பீக்கர், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல சத்தத்தை வேகமாக் குறைச்சுடும். ஃபஸ்ஸோட முள்ளு முள்ளான சத்தம் அங்கே தானாவே வடிகட்டப்படும். நாம யூடியூப்ல கேட்டு மயங்குற எல்லா பெடல் டெமோவும் இந்த வடிகட்டலுக்கு அப்புறம் வர்ற சத்தம்தான். கச்சேரி மேடையில இருக்கிற ஸ்பீக்கர் பாடகரோட 'ஸ்' ஒலி வரைக்கும் தெளிவாத் தரணும்னு செஞ்சது. அதுல நேரா ஃபஸ்ஸை விட்டா, வெல்ல மூட்டையில ஈ மொய்க்கிற மாதிரி ஒரு சத்தம். மிக்ஸர்ல இருக்கிறவர் என்ன பண்ணுவார்? ஃபேடரைக் கீழே இறக்குவார். அவர் மேல தப்பில்ல.

ரெண்டாவது காரணம், மிட் ரேஞ்ச். கிட்டாரோட அடிச்சுரங்கள் 82 ஹெர்ட்ஸ்ல தொடங்கி 1,200 ஹெர்ட்ஸ் பக்கம் வரைக்கும் போகும். கீழே தவிலும் பேஸும் உக்காந்திருக்கு. மேல சிம்பலும் குரலும். கிட்டாருக்குக் கிடைக்கிற இடம் நடுவுலதான். அந்த நடுவையே குழி தோண்டி எடுத்துடுற பெடலை வாங்கினா, வீட்டுல தனியா வாசிக்கும்போது பிரமாதமா இருக்கும், மேடையில காணாமப் போயிடும்.

நாலு பேரை வரிசையா நிக்க வைப்போம்

முதல்ல ஃபஸ் ஃபேஸ். 1966-ல லண்டன்ல ஆர்பிட்டர் கம்பெனி கொண்டு வந்தது. மைக் ஸ்டாண்டோட வட்ட அடிப்பாகத்தைப் பார்த்து வந்த வடிவம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலடியில இருந்தது. கிட்டார்ல வால்யூமைக் குறைச்சா அப்படியே கிளீனா மாறுற அழகு இதுக்குத்தான் உண்டு. ஆனா ஆரம்பகால மாடல்கள்ல இருந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் சூட்டுக்கு மாறிடும். செஞ்சிப் பாறை சித்திரை வெயிலை உள்வாங்கி ராத்திரி வரைக்கும் அனல் விட்டுக்கிட்டிருக்கும். சாயங்காலம் சவுண்ட் செக்ல கேட்ட டோன் வேற, கச்சேரியில வர்றது வேறன்னு ஆயிடும். நம்ம ஊருக்கு ஃபஸ்ஸுன்னா சிலிக்கான்தான். இன்னொண்ணு, இது கிட்டாருக்கு அடுத்ததா நேரா இருக்கணும். நடுவுல வேற பெடலோட பஃபர் வந்தா குணம் கெட்டுடும்.

ரெண்டாவது பிக் மஃப். 1969-ல நியூயார்க்ல மைக் மாத்யூஸோட எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் வெளியிட்டது. நாலு டிரான்சிஸ்டர், முடியவே முடியாத சஸ்டெயின். கேட்டா விட மனசு வராது. ஆனா இதோட டோன் சர்க்யூட் 1,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல பெரிய பள்ளம் விடும். தம்பியோட பிரச்சினையே அந்தப் பள்ளம்தான். உங்ககிட்ட ஆம்ப் இருந்து, ரெண்டே பேர் இருக்கிற பேண்ட்னா தாராளமா வாங்குங்க.

மூணாவது, ரொம்பக் கம்மி விலையில பெஹ்ரிங்கர் சூப்பர் ஃபஸ் எஸ்எஃப்300. பாஸ் கம்பெனி நிறுத்திட்ட எஃப்இசட்-2 ஹைப்பர் ஃபஸ்ஸோட நகல். ரெண்டு வகை ஃபஸ், ஒரு பூஸ்ட். ஃபஸ்ஸோட ஒரு மேல் ஸ்தாயி சுரமும் சேர்ந்து வரும். நெக் பிக்கப்ல வச்சு 12-வது ஃப்ரெட்டுக்கு மேல வாசிச்சா அது நல்லாத் தெரியும். பெட்டி பிளாஸ்டிக். மேடையில ஆவேசமா மிதிக்கிறவங்க கொஞ்சம் அடக்கி மிதிக்கணும். அடங்கின டிஸ்டார்ஷன் இதுல கிடைக்காது, எல்லாமே பொங்கித்தான் வரும்.

நாலாவது ராட். 1978-ல அமெரிக்காவுல கலமசூ ஊர்ல புரோகோ கம்பெனி செஞ்சது. மூணே குமிழ்: டிஸ்டார்ஷன், ஃபில்டர், வால்யூம். டிஸ்டார்ஷனைக் குறைச்சு வச்சா ஓவர்டிரைவ். நடுவுல வச்சா ராக் ரிதம். முழுசாத் திருப்பினா கிட்டத்தட்ட ஃபஸ். ஒரு பெட்டியில மூணு ஆள்.

ஆரஞ்சு கலர் பாஸ் டிஎஸ்-1 பத்தி நிறைய பேர் கேப்பீங்க. அதுவும் 1978-ல வந்ததுதான், உறுதியான பெட்டி, செகண்ட் ஹேண்ட்ல ஈஸியாக் கிடைக்கும். ஆனா அதோட டோன் குமிழும் நடுவுல பள்ளம் விடும், ஃபஸ் வரைக்கும் போகாது. அதனால இந்த வரிசையில சேர்க்கல.

என் பதில்

தம்பி, ராட் வகை வாங்குங்க. காரணம் அந்த ஃபில்டர் குமிழ். மத்த பெடல்ல டோனை வலது பக்கம் திருப்பினா சத்தம் கூர்மையாகும். இதுல தலைகீழ். வலது பக்கம் போகப் போக மேல் சத்தத்தை வெட்டிக்கிட்டே வரும், கடைசியில 475 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். நடுவுல பள்ளம் கிடையாது. அதாவது உங்ககிட்ட இல்லாத கிட்டார் ஸ்பீக்கர் செய்யுற வேலையில பாதியை இந்த ஒரு குமிழ் செஞ்சு தரும்.

ஒரிஜினல் ராட் புதுசா வாங்க ஐயாயிரம் பத்தாது. ஆனா அதே சர்க்யூட்டுல மத்த கம்பெனிங்க செய்யுற மினி பெடல்கள் இருக்கு, மூயர் பிளாக் சீக்ரெட் மாதிரி. செகண்ட் ஹேண்ட்ல தேடினா உங்க பட்ஜெட் பக்கத்துல வரும். பழைய ராட்ல எல்எம்308 சிப் இருந்தது, அதுதான் உசத்தின்னு யாராவது கூடுதல் காசு கேட்டா நகர்ந்துடுங்க. கூழ் குடிச்சுட்டு பாட்டுக் கேக்க உக்காந்திருக்கிற ஜனங்களுக்கு சிப் நம்பர் தெரியாது.

மேடை செட்டிங் இப்படித் தொடங்குங்க: டிஸ்டார்ஷன் கடிகாரத்துல பத்து மணி இடத்துல, ஃபில்டர் ரெண்டு மணியில, வால்யூம் கிளீன் சத்தத்தைவிடக் கொஞ்சம் மேல. சோலோவுக்கு டிஸ்டார்ஷனை ஒரு மணிக்கு ஏத்துங்க, அதுக்கு மேல வேண்டாம். வீட்டுல நமக்குப் பிடிக்கிற கெயின்ல பாதி போதும் மேடைக்கு. முழு கார்டு பிடிக்காதீங்க, சுரங்கள் ஒண்ணோட ஒண்ணு மோதி சேறாகும். ச-ப ரெண்டு மட்டும் பிடிங்க, மலை மாதிரி நிக்கும்.

குழுவுல யார்கிட்டயாவது பழைய மல்ட்டி எஃபெக்ட் புராசஸர் இருந்தா கேட்டு வாங்குங்க. அதுல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, கேபினெட் சிமுலேஷனை மட்டும் ஆன்ல வச்சு, உங்க பெடலுக்கு அப்புறம் சொருகுங்க. மீதிப் பாதி வேலையும் முடிஞ்சது. அது கிடைக்கலன்னா, மிக்ஸர் அண்ணன்கிட்ட உங்க சேனல்ல 'ஹை' குமிழை நல்லாக் குறைக்கச் சொல்லுங்க. கேட்டா செய்வாங்க.

கரண்ட் விஷயம்

இதைக் கேக்காம போயிடாதீங்க. இந்தப் பெடல்கள் எல்லாம் 9 வோல்ட் டிசி. இப்போ வர்ற பெரும்பாலான பெடல்ல அடாப்டர் பின்னோட நடுமுனை நெகட்டிவ். மேடையில பக்கத்துல இருக்கிற யமஹா கீபோர்டு அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். பின் அழகாப் பொருந்தும். சொருகினா பெடல் போயிடலாம். அவசரத்துக்குக் கூட வேண்டாம். பெடல் மேல ஒரு சின்ன வட்டப் படம் போட்டிருப்பாங்க, அதைப் பார்த்துட்டுச் சொருகுங்க.

ஜெனரேட்டர்ல ஓடுற கச்சேரின்னா, பேட்டரி போடுற வசதி இருக்கிற பெடல்ல 9 வோல்ட் பேட்டரி போடுறது நல்லது. அடாப்டர் வழியா வர்ற 'உம்ம்' சத்தம் குறையும். இந்தப் பெடல்கள் இழுக்குற கரண்ட் ரொம்பக் குறைவு, ஒரு பேட்டரி பல கச்சேரி தாங்கும். வாசிச்சு முடிச்சதும் இன்புட் ஜாக்ல இருந்து ஒயரை உருவிடணும். சொருகியே வச்சா பெடல் ஆஃப்ல இருந்தாலும் பேட்டரி தீரும். மினி பெடல்ல பேட்டரிக்கு இடம் இருக்காது, அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

வாங்கும்போது

சென்னையோ பாண்டிச்சேரியோ போனா, உங்க கிட்டாரைத் தூக்கிட்டுப் போங்க. கடையில இருக்கிற விலை உயர்ந்த ஆம்ப்ல கேட்டு முடிவு பண்ணாதீங்க. ஒரு கீபோர்டு ஆம்ப்ல, இல்லன்னா சின்ன மிக்ஸர்ல சொருகித் தரச் சொல்லுங்க. பெடல் ஆன், ஆஃப் ரெண்டுலயும் சத்த அளவு ஒண்ணா இருக்கிற மாதிரி வச்சுக் கேளுங்க. சத்தம் கூடினாலே நல்லா இருக்கிற மாதிரி காது ஏமாத்தும். அப்புறம் போன்ல ஒரு குத்துப்பாட்டை ஓட விட்டு, அதோட சேர்ந்து வாசிங்க. அதுக்கு நடுவுலயும் கிட்டார் கேட்டா, அதுதான் உங்க பெடல்.

குழு நடத்துறவர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசுங்க தம்பி. சோலோ வர்ற நாலு பாட்டை மட்டும் சொல்லி, ஒரு ரிகர்சல்ல வாசிச்சுக் காட்டுங்க. அந்த இடத்துல கீபோர்டு கொஞ்சம் அடங்கி வாசிக்கணும்னு அவரே சொன்னாத்தான் நடக்கும். அதை எந்தப் பெடலும் செஞ்சு தராது.

மத்தவங்களும் உங்க செட்டப்பைச் சொல்லி வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஆம்ப் இருக்கா, மிக்ஸரா, எத்தனை பேர் குழுன்னு மறக்காமச் சொல்லுங்க. அது தெரியாம பெடல் சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் டிலே பெடல் பத்திப் பேசலாம்.